கரியில் பஸ் ஓட்டிய சுந்தரம் அய்யங்கார்

பஸ் புறப்பட இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. பயணிகள் மூட்டை முடிச்சுடன் வந்துவிட்டார்கள். ஆனால் டிரைவர் தன் இடத்தில் இல்லை. பஸ்சின் பின்பக்கம் நிற்கிறார்.

அங்கே ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை இருக்கிறது. அதன் வயிறு நிறைய அடுப்புக்கரி. கிளீனர் பையன் அடியில் உள்ள துவாரத்தில் தீயைக் காட்டுகிறான். பிறகு பக்கத்தில் உள்ள கைப்பிடியைப் பிடித்து, வேர்க்க விறுவிறுக்கச் சுற்றுகிறான். கொல்லன் உலைபோல உள்ளே கரி கனிகிறது. குழாய் வழியாகப் புகை வருகிறது. டிரைவர் தீக்குச்சியைக் கிழித்துக் குழாயின் வாயில் காட்டுகிறார். புகை குப்பென்று பற்றிக்கொள்கிறது. அணையாமல் நின்று எரிகிறது.

இனி பஸ் போகலாம்!

இரண்டாவது உலகப்போர் நடந்த காலத்தில் தமிழ்நாட்டின் பஸ் நிலையங்களில் இந்தக் காட்சி சாதாரணம். பெட்ரோலில் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட வண்டிகள், கரியில் ஓடின. கரி பஸ் என்றே ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளில் அந்தப் பெயர் வெகுகாலம் வரை பேச்சில் இருந்தது.

அந்தக் கரி எந்திரத்தைத் தமிழ்நாட்டில் தயாரித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் மதுரை டி.வி.சுந்தரம் அய்யங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தைத் தெரியாதவர்கள் இல்லை. அந்த மூன்று எழுத்தும் அவருடைய பெயர்தான்.

வக்கீல் வேலை பிடிக்கவில்லை

நெல்லைச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது திருக்குறுங்குடி. நம்பி பெருமாள் கோவிலால் பெயர் பெற்ற ஊர். டி.வி.எஸ். என்பதில் உள்ள முதல் எழுத்து அந்த ஊரைத்தான் குறிக்கிறது. அங்கே 1877-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந் தேதி சுந்தரம் பிறந்தார்.

மகன் வக்கீல் ஆகவேண்டும் என்று தகப்பனார் ஆசைப்பட்டார். அந்தக் காலத்தில் அது பெரிய அந்தஸ்து. சுந்தரமும் வக்கீல் தொழிலில் இறங்கினார். மனம் ஒட்டவில்லை. ரெயில்வேயில் வேலை பார்த்தார். பிறகு ஒரு பாங்கியில் வேலை பார்த்தார்.

மாதம் பிறந்தால் கைக்குச் சம்பளம் வந்துவிடும். குடும்பம், குழந்தைகள் என்று ஆனபிறகு அதை விட்டுவிட யாருக்குத் துணிவு வரும்? அவருக்கு வந்தது. 1911-ல் வேலையை உதறினார். அப்போது வயது 34. மோட்டார் தொழிலில் இறங்கினார். டி.வி.சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார். சன்ஸ் என்றால் மகன்கள் என்று பொருள். மகன்களும் இந்தத் தொழிலுக்குத்தான் வரவேண்டும் என்பதை முதல் நாளே பெயர்ப்பலகையில் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்று அது பெரிய செய்தியாகத் தோன்றாது. அன்றைய நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். மோட்டார் என்பது ராஜாக்களும் துரைமார்களும் வைத்திருந்த பொருள். வண்டி கடல் கடந்து வரவேண்டும். அதில் ஒரு சிறு சாமான் உடைந்தால், அதுவும் கப்பலில்தான் வரவேண்டும். ஓட்டத் தெரிந்தவர்கள் குறைவு. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. மோட்டாரில் ஏழை எளியவர்கள் காசு கொடுத்து ஏறுவார்கள் என்று நம்பிப் பணத்தைப் போட்டார் சுந்தரம் அய்யங்கார்.

புதுக்கோட்டைச் சாலை

தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவர் பஸ் விட்டார். தென்னாட்டின் பஸ் தொழிலுக்கு அடிப்படை போட்ட வழித்தடங்களில் அதுவும் ஒன்று. 

புதுக்கோட்டை அப்போது வெள்ளைக்காரர்களின் நேரடி ஆட்சியில் இல்லை. அது தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆண்டுகொண்டு இருந்தார். சமஸ்தானத்துக்குச் சொந்தமாக நாணயம்கூட உண்டு. அம்மன் காசு என்று அதற்குப் பெயர். எல்லாம் இருந்தும் ரெயில் மட்டும் இல்லை. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் ரெயில் ஊதிக்கொண்டு இருந்தது. புதுக்கோட்டைக்கு 1929-ல்தான் ரெயில் வந்தது.

தஞ்சாவூரில் இருந்து கந்தர்வக்கோட்டை வழியாகப் புதுக்கோட்டை சுமார் 36 மைல். இப்போதைய கணக்கில் 58 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மாட்டு வண்டி மணிக்கு இரண்டு மைல், மூன்று மைல்தான் போகும். மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டவேண்டும், இளைப்பாற விடவேண்டும். இரவு முழுவதும் போய், மறுநாளும் பாதிப் பொழுது போனால்தான் ஊர் வரும். நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் பாடு எப்படி இருக்கும்? கோர்ட்டு வழக்குக்குப் போகிறவன் ஒரு நாள் முன்னாலேயே கட்டுச்சோறு கட்டவேண்டும்.

அந்தச் சாலையில் மோட்டார் பஸ் வந்தது. செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. காலையில் ஏறினால் வேலையை முடித்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம் என்ற நிலை பிறந்தது. மாடு இல்லாத வண்டியைப் பார்ப்பதற்கே சிறுவர்கள் சாலை ஓரத்தில் காத்து நின்ற காலம் அது.

ஆனால் அந்தக் காலத்து மோட்டாரை நம்பி வெளியே கிளம்ப முடியாது. முன்னால் நின்று ஹாண்டிலைச் சுற்றித்தான் என்ஜினைக் கிளப்பவேண்டும். சில நேரம் அது திருப்பி அடித்துக் கையை முறித்துவிடும். ரேடியேட்டர் கொதிக்கும், குளத்தைத் தேடிக் குடத்துடன் ஓடவேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, லாட ஆணி!

ஆணியும் கடிகாரமும்

மாட்டுக் குளம்பில் லாடம் அடிப்பார்கள். ஆணி கழன்று சாலையில் விழும். நூற்றுக்கணக்கான மாடுகள் போகிற சாலையில் எத்தனை ஆணி கிடக்கும்! அத்தனையும் பஸ் டயருக்குக் காத்திருக்கும். டயர் பஞ்சர் ஆனால் வழியிலேயே கழற்றி, ஒட்டுப் போட்டு, காற்று அடித்துக் கிளம்பவேண்டும். அதற்குள் சூரியன் உச்சிக்கு வந்துவிடும்.

சுந்தரம் அய்யங்கார் பஸ் போகும் சாலையில் காந்தத்தை இழுத்துக்கொண்டு போய் ஆணிகளைப் பொறுக்க ஏற்பாடு செய்தார் என்று தென் மாவட்டங்களில் சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து வீட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்றும் சொல்வார்கள். கதை வாய்க்கு வாய் கொஞ்சம் வளர்ந்திருக்கலாம். ஆனால் எல்லா முதலாளிகளைப் பற்றியும் ஊரார் இப்படிக் கதை கட்டுவது இல்லை. சொன்ன நேரத்துக்கு வண்டி வரும் என்ற பெயர் அவருடைய பஸ்சுக்கு இருந்தது. அந்தப் பெயர்தான் அவருடைய முதல்.

மதுரையைத் தலைமை இடமாக வைத்துத் தொழில் வளர்ந்தது. பஸ்களும் லாரிகளும் பெருகின. பிற்காலத்தில் சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் அவை ஓடின. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி வண்டிகளை விற்கும் உரிமை கிடைத்தது. வண்டியை விற்பதோடு வேலை முடிந்துவிடாது. பழுது பார்த்துக் கொடுக்கவேண்டும், மாற்று உறுப்புகள் கையில் வைத்திருக்கவேண்டும். அதற்கும் தனித்தனியாகக் கம்பெனிகள் ஏற்பட்டன.

அவருக்கு 5 மகன்கள்; 3 மகள்கள். மகன்களை எல்லாம் தொழிலில் பழக்கினார். பொறுப்பை அவர்களிடம் கொடுத்துவிட்டுத் தான் ஒதுங்கிக்கொண்டார். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே சாவியைக் கொடுப்பது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமா?

மகள் சவுந்தரம்

அவருடைய வாழ்க்கையில் எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய முடியாத ஒரு துயரம் நேர்ந்தது.

மகள் சவுந்தரம் 1904-ல் பிறந்தவர். அந்தக் காலத்து வழக்கப்படி சிறு வயதிலேயே திருமணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை சவுந்தரராஜன் ஒரு டாக்டர். மதுரையில் பிளேக் நோய் பரவியது. நோயாளிகளைக் காப்பாற்றவேண்டிய டாக்டரே அதற்குப் பலியானார். சவுந்தரம் இளம் வயதில் விதவை ஆனார்.

வைதிகக் குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்கு அதன்பின் என்ன வாழ்க்கை? வீட்டின் உள் அறை. ஒரு வேளைச் சாப்பாடு. நல்ல காரியங்களில் தலைகாட்டக் கூடாது. அதுதான் அன்றைய விதி. ஆனால் சுந்தரம் அய்யங்காரும் மனைவி லட்சுமி அம்மாளும் மகளை அப்படி மூலையில் உட்கார வைக்கவில்லை. படிக்க அனுப்பினார்கள். அதுவும் பக்கத்து ஊருக்கு அல்ல. டெல்லிக்கு! அங்கே லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1936-ல், 32-வது வயதில், சவுந்தரம் டாக்டர் ஆனார்.

டெல்லியில் சுசீலா நய்யாரின் நட்பு கிடைத்தது. அவர் மூலமாக மகாத்மா காந்தியின் தொடர்பு ஏற்பட்டது. காந்தி இயக்கத்தில் இருந்த ஜி.ராமச்சந்திரன் என்பவரைச் சவுந்தரம் விரும்பினார். அவர் கேரளத்துக்காரர். வேறு சாதி. வேறு மொழி.

இப்போது பெற்றோர் மனம் இடம் கொடுக்கவில்லை. திருமணத்தை எதிர்த்தார்கள். மகளைப் படிக்க அனுப்பத் துணிந்தவருக்கு, மறுமணம் என்றபோது, அதுவும் சாதி விட்டுச் சாதி என்றபோது, கால் பின்வாங்கியது. எந்திரத்தில் எந்தப் புதுமை வந்தாலும் கை நீட்டி வாங்கியவர்தான். வீட்டுக்குள் வந்த புதுமை அத்தனை சுலபமாக இல்லை.

காந்தி ஒரு சோதனை வைத்தார். இருவரும் ஓர் ஆண்டு பிரிந்து இருக்கவேண்டும்; தொடர்பே கூடாது. அதற்குப் பிறகும் மனம் மாறாவிட்டால் திருமணம். ஓர் ஆண்டு ஓடியது. இருவர் மனமும் மாறவில்லை. 1940-ல் காந்தியின் ஆசியோடு திருமணம் நடந்தது.

அந்தத் தம்பதிதான் 1947-ல் திண்டுக்கல் அருகே, சின்னாளப்பட்டி பக்கத்தில், காந்திகிராமத்தை உண்டாக்கினார்கள். கிராமத்துத் தாய்மார்களுக்கு வைத்தியம் பார்ப்பதில் தொடங்கிய பணி, கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. டாக்டர் சவுந்தரம் 1962-ல் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மத்திய துணை மந்திரியாகவும் இருந்தார். மூலையில் உட்காரவேண்டிய பெண் என்று ஊர் நினைத்தவர்!

பெட்ரோல் நின்றது

மகளின் திருமணம் நடந்தபோதே உலகப்போர் தொடங்கி ஓர் ஆண்டு ஆகிவிட்டது. 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. கூப்பன் இருந்தால்தான் பெட்ரோல்.

1942 தொடக்கத்தில் ஜப்பான் படை மின்னல்போல முன்னேறியது. பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. இந்தியாவுக்கு வந்த எண்ணெயில் பெரும்பங்கு பர்மாவில் இருந்து வந்ததுதான். அங்கே ஏனாங்யாங் என்ற இடத்தில் எண்ணெய்க் கிணறுகள் இருந்தன. ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று வெள்ளைக்காரர்களே அவற்றைத் தகர்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். மலேயா போனதால் ரப்பரும் போயிற்று. பெட்ரோலும் இல்லை, டயரும் இல்லை.

புதுக்கோட்டை, காரைக்குடி, ராமநாதபுரம் பகுதிகளில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆள் போகாத ஊர் குறைவு. பர்மாவில் இருந்தவர்களில் ஏராளமானோர் காடும் மலையும் கடந்து, கால்நடையாகவே இந்தியாவுக்கு ஓடிவந்தார்கள். வழியில் பசியாலும் நோயாலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். தப்பி வந்தவர்கள் ஊர் போய்ச் சேர பஸ் வேண்டும். எங்கே போவது பெட்ரோலுக்கு?

பஸ் முதலாளிகள் பலர் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினார்கள். வண்டி நின்றால் டிரைவர் வீட்டில் அடுப்பு எரியாது. கண்டக்டர், கிளீனர், பட்டறைத் தொழிலாளி எல்லோருக்கும் அதே கதி. சந்தைக்குப் போகும் காய்கறி அழுகும்.

அப்போது டி.வி.எஸ். கம்பெனி கரிவாயு எந்திரத்தை வடிவமைத்துத் தயாரித்தது. டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்று அதற்குப் பெயர். தேய்ந்த டயர்களுக்கு மேலே புது ரப்பர் ஏற்றி மறுபடி ஓட்டும் தொழிலிலும் அது இறங்கியது. வண்டியில் எது தீர்ந்துபோனாலும் அதற்கு ஒரு மாற்று!

கரி எப்படி என்ஜினை ஓட்டும்?

கரியை என்ஜினுக்குள் போட முடியாது. கரியில் இருந்து வாயு எடுக்கவேண்டும். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

அடுப்பில் தாராளமாகக் காற்று பட்டால் கரி முழுவதும் எரிந்து சாம்பலாகிவிடும். காற்றைக் குறைத்து விட்டால்? கரி அரைகுறையாக எரியும். கனிந்த கரியின் நடுவே நுழைந்து வரும் அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கும். அது தீப்பிடிக்கக்கூடியது. பெட்ரோல் ஆவி செய்கிற வேலையை அதுவும் செய்யும்.

உருளையில் இருந்து வரும் வாயு கடும் சூடாக இருக்கும். அதைக் குழாய்களில் சுற்றவிட்டு ஆறவைக்கவேண்டும். கூடவே சாம்பல் தூளும் கரித்தூளும் வரும். அதை வடிகட்டவேண்டும். பிறகு கார்புரேட்டர் பக்கத்தில் வைத்த ஒரு கலவைப் பெட்டியில் வாயுவோடு காற்றைச் சேர்த்து என்ஜினுக்குள் விடவேண்டும். என்ஜினில் பிளக் பொறி தெறிக்கும், வாயு வெடித்து பிஸ்டனைத் தள்ளும், சக்கரம் சுழலும்.

ஆகவே என்ஜின் பழைய என்ஜின்தான். அதற்குப் போடும் தீனிதான் வேறு. ஆனால் தீனி மாறினால் உடம்பும் மாறத்தானே வேண்டும்? கரிவாயு பெட்ரோலைவிட மெதுவாகப் பற்றும். அதனால் பிளக் பொறி தெறிக்கும் நேரத்தைச் சற்று முன்னால் தள்ளி வைக்கவேண்டும். வடிகட்டியைத் தினமும் சுத்தம் செய்யவேண்டும். சோம்பல்பட்டால் தூள் உள்ளே போய், சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்கையும் அரத்தால் ராவியதுபோலத் தேய்த்துவிடும். அப்புறம் என்ஜினை இறக்கி ஒக்கிடவேண்டியதுதான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கரி தேவைப்பட்டது. கிளீனர் பையன் உடம்பெல்லாம் கரி. வழியில் நிறுத்தி, கம்பியால் கிளறி, மூட்டையில் இருந்து கரியை அள்ளிக் கொட்டுவான். காலையில் வெள்ளை வேட்டியோடு ஏறியவர் மாலையில் சாம்பல் வேட்டியோடு இறங்குவார்!

ஆபத்தும் உண்டு. கார்பன் மோனாக்சைடு நஞ்சு. நிறம் இல்லை, மணம் இல்லை. மூடிய கொட்டகைக்குள் எந்திரத்தை மூட்டினால், உள்ளே இருப்பவர்கள் மயங்கி விழுந்து இறந்துபோகலாம். வெட்டவெளியில்தான் மூட்டவேண்டும்.

மேடு வந்தால் இறங்கு!

பெட்ரோலில் கிடைத்த பலம் கரியில் கிடைக்காது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். சில வண்டிகளில் பாதியே போய்விடும். சமதரையில் தெரியாது. புதுக்கோட்டைச் சீமையில் ஏரிக்கரைமேல் ஏறும் சாலைகள் உண்டு. அங்கே வந்ததும் என்ஜின் முக்கும், முனகும். பயணிகள் இறங்கி நடக்கவேண்டும். சில நேரம் தள்ளவும் வேண்டும். டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்து, வண்டியையும் தள்ளியவர்கள் அந்தத் தலைமுறை!

வசைபாடியபடியே தள்ளினாலும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த அவதியும் அல்ல. ஜெர்மனி, பிரான்ஸ், சுவீடன் போன்ற நாடுகளிலும் அப்போது லட்சக்கணக்கான மோட்டார்கள் விறகிலும் கரியிலும் ஓடின. சிறு கார்களின் முதுகிலும் அந்த உருளையைக் கட்டினார்கள்.

போர் 1945-ல் முடிந்தது. பெட்ரோல் மெல்ல மெல்ல வரத் தொடங்கியது. கரி எந்திரத்தின் போல்ட்டு நட்டுகளைக் கழற்றினார்கள். பல உருளைகள் பழைய இரும்புக்குப் போயின. அதே வண்டிகள் மறுபடி பெட்ரோலில் ஓடின.

என்ஜினையே மாற்றிய காலம்

அதன்பிறகு வந்தது இன்னொரு மாற்றம். பெட்ரோலைவிட டீசல் மலிவு. டீசல் என்ஜின் குறைந்த எண்ணெயில் அதிக தூரம் போகும். ஆனால் தீனியை மட்டும் மாற்றி இதைச் செய்ய முடியாது. டீசல் என்ஜினில் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கிற என்ஜின் அது. ஆகவே என்ஜினையே மாற்றவேண்டும்.

1950-ம் ஆண்டுகளில் சென்னை சிம்சன் கம்பெனி, இங்கிலாந்து பெர்கின்ஸ் கம்பெனியின் பி-6 என்ற டீசல் என்ஜினைத் தயாரித்தது. ஆறு சிலிண்டர் கொண்டது. பழைய பெட்ரோல் லாரிகளில் இருந்து என்ஜினை இறக்கிவிட்டு, இதைத் தூக்கி வைத்தார்கள். சொல்வதற்குச் சுலபம். செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும். புது என்ஜின் கனம் அதிகம். முன் ஸ்பிரிங் பட்டைகள் தாங்கவேண்டும். என்ஜினைத் தாங்கும் கால்கள் பழைய இடத்தில் பொருந்தாது. வேறு அடித்து வைக்கவேண்டும். கியர்பாக்சோடு ஒரு மயிரிழை விலகாமல் நேராகச் சேரவேண்டும். விலகினால் வண்டி முழுவதும் நடுங்கும்.

பெட்ரோல் விலை ஏறிய பிற்காலத்தில் அம்பாசடர் கார்களுக்கும் இதே வைத்தியம் நடந்தது. பெட்ரோல் என்ஜினை இறக்கி டீசல் என்ஜின் வைத்து, எத்தனையோ டாக்சிக்காரர்கள் பிழைத்தார்கள். அந்தக் கைவேலை தெரிந்த மெக்கானிக்குகள் வானத்தில் இருந்து குதிக்கவில்லை. சாமான் கிடைக்காத போர்க்காலத்தில், பஸ் பட்டறைகளில் கரியோடும் வடிகட்டியோடும் மல்லுக்கட்டியவர்களிடம் தொழில் கற்றவர்களின் வழிவந்தவர்கள் அவர்களில் நிறைய இருப்பார்கள்.

கொடைக்கானலில்

சுந்தரம் அய்யங்கார் கடைசிக் காலத்தில் ஒதுங்கி வாழ்ந்தார். மகன்கள் தொழிலைப் பெருக்கினார்கள். அவருடைய பெயரைத் தாங்கிய சுந்தரம் பைனான்ஸ் 1954-ல் தொடங்கியது. லாரி வாங்கக் கடன் கொடுத்து, டிரைவர்கள் பலரைச் சொந்தக்காரர்கள் ஆக்கியது. மறு ஆண்டு, 1955 ஏப்ரல் 28-ந் தேதி, கொடைக்கானல் வீட்டில் சுந்தரம் அய்யங்கார் காலமானார். வயது 78.

அவருக்குப் பிறகு சக்கரம், பிரேக் என்று மோட்டார் உறுப்புகளை இங்கேயே செய்யும் ஆலைகளைக் குடும்பத்தார் கட்டினார்கள். கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்த காலம் மாறியது.

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-ல் இந்தியாவோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. 1974-ல் தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1972-ல், டி.வி.எஸ். பஸ்களை அரசு எடுத்துக்கொண்டது. மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. டி.வி.எஸ். டிரைவர்களும் கண்டக்டர்களும் அரசாங்க ஊழியர்கள் ஆனார்கள். பஸ்களின் மேல் இருந்த பெயரை அழித்துப் புதுப்பெயர் எழுதினார்கள். வயதானவர்கள் மட்டும் வெகுநாள் வரை அதை டி.வி.எஸ். பஸ் என்றே சொல்லிக்கொண்டு இருந்தார்கள்.

தஞ்சாவூரில் இருந்து கந்தர்வக்கோட்டை வழியாகப் புதுக்கோட்டைக்கு இப்போது ஒன்றரை மணி நேரத்தில் பஸ் போய்விடுகிறது. ஏரிக்கரை மேட்டில் யாரும் இறங்கித் தள்ளுவது இல்லை.